இடக்கைப் பிள்ளையும் ஒற்றைக் கிடாரும்

ரங்கூன் வீதிகளில் வளர்ந்தோர்க்குக் கிடாரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிகளின் முன்பு மாலை வேளைகளில் மாணவர்கள் கூடி நின்று கிடார் மீட்டிப் பாடியதையும், ஒரே கிடார் தேநீர்க்கடைகளில் கைமாறிக் கைமாறி ஒலித்ததையும் நாம் அறிவோம். ஊரை விட்டுப் புறப்பட்ட பின்னரும் அந்த ஆசை நம் பிள்ளைகளை விட்டு அகலவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய கிடார் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மூன்று பிள்ளைகள் அதனைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். அவர்களுள் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவராயிருந்தால் என் செய்வது?

"கையை மாற்றிப் பிடி" என்பதே பெரும்பாலும் முதலில் எழும் குரல். நாம் பிறந்து வளர்ந்த நாட்டில் பெரியோருக்கு எதனையும் வலக்கையால், இடக்கை வல முழங்கையைத் தொட்டிருக்கக் கொடுப்பதே மரியாதை. நம் தமிழ் வீடுகளோ சோற்றுக்கை, பீச்சைக்கை என்று கைகளுக்கே தராதரம் வகுத்தவை. உண்பதிலும் கொடுப்பதிலும் அவ்வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். இசைக்கருவியிடம் அதனைக் கொண்டு செல்வது சரியா என்பதே நமது கேள்வி.

இதற்கு நம் இசை மரபிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையர். அவர் மேடையேறினால் பாடகரின் மறுபக்கத்தில் அமர வேண்டும். வயலின் வித்துவான் தம் வழக்கமான இடத்தை விட்டு எதிர்ப்புறம் செல்ல வேண்டும். இதற்கு எல்லோரும் உடன்படவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதரோ இடமாற்றத்தைப் பொருட்படுத்தாது அவரைத் தம் கச்சேரிகளில் அமர்த்திக் கொண்டார். இருக்கையை மாற்றியதில் இசைக்கு ஒரு குறையும் நேரவில்லை. பழனியாரின் சீடர் திருச்சி சங்கரன், 1971-ஆம் ஆண்டு முதல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் அவ்வாசிப்பு முறையைப் பல நாட்டு மாணவர்க்கும் கற்பித்தவர்.

மிருதங்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். கிடார் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. இடக்கை மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்த, வலக்கை மீட்டுமாறே அது அமைக்கப்பட்டுள்ளது. அதனை அப்படியே தலைகீழாகப் பிடித்தால் மேலிருக்க வேண்டிய தடித்த தந்தி கீழே வந்துவிடும்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி எலிசபெத் காட்டன் அவ்வாறே பிடித்தார். அண்ணனுடைய பாஞ்சோவைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே பழகியவர். பின்னர் வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் கிடார் வாங்கி, அதனையும் அவ்விதமே வாசித்தார். தந்திகளை அவர் மாற்றவேயில்லை. பிறர் பெருவிரலால் வாசிக்கும் கீழ்ச்சுரங்களை அவர் விரல்களாலும், பிறர் விரல்களால் வாசிக்கும் மெட்டைப் பெருவிரலாலும் வாசித்தார். முதுமையிலே, 1985-ஆம் ஆண்டில், அவருக்குக் கிராமி விருது கிடைத்தது. ஜிமி ஹென்றிக்ஸ் வலக்கைக் கிடாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளையும் வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். அவர் எழுதியது வலக்கையால் என்பது பலரும் அறியாதது. மார்க் நாப்ளரோ இடக்கையராயிருந்தும் எல்லோரையும் போல வலப்புறமாகவே வாசிப்பவர். ஆக, எழுதும் கையைக் கொண்டு மீட்டும் கையைத் தீர்மானிக்க இயலாது.

பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, கிடார் வாசிப்பது போல நடிக்கச் சொல்லுங்கள். தாளம் தட்ட எந்தக் கை முந்துகிறதோ அதனைக் கவனியுங்கள். பிறகு சில நாட்கள் இரு விதமாகவும் பிடித்துப் பார்க்கட்டும். வலப்புறமாகப் பிடிப்பது இயல்பாக வருமாயின் அதனையே தொடரலாம். அடிக்கடி இடம்பெயரும் நம் போன்றோர்க்கு அதில் ஒரு நன்மையும் உண்டு: எந்த ஊரில், எவர் வீட்டில் கிடைக்கும் கிடாரையும் வாசிக்கலாம். இடக்கைக் கிடார்கள் கடைகளில் அரிது. பழைய பொருட்களிடையே அரிதினும் அரிது. ஆனால் இந்த நன்மைக்காகப் பிள்ளையை வற்புறுத்துவதை நாம் ஏற்கமாட்டோம். கை வராமல் சலித்துக் கருவியையே கைவிடும் பிள்ளைக்கு எந்த வீட்டுக் கிடார் இருந்தென்ன?

தந்திகளை மாற்றிக் கட்ட முடிவு செய்தால் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். கழுத்தின் உச்சியில், தந்திகள் தங்கும் ஆறு பள்ளங்கள் கொண்ட சிறு பட்டை ஒன்று உண்டு. தடித்த தந்தி மெல்லிய பள்ளத்தில் அமராது. மெல்லிய தந்தி அகன்ற பள்ளத்தில் கிடந்து அதிரும். ஆகவே அப்பட்டையை மாற்றவோ புதிதாகச் செதுக்கவோ வேண்டும். கருவி பழுதுபார்ப்பவருக்கு இது சிறு வேலையே. நைலான் தந்திக் கிடார்களில் கீழேயுள்ள குதிரையின் பட்டை பெரும்பாலும் நேராக இருப்பதால் மாற்றம் எளிது. எஃகுத் தந்திக் கிடார்களில் அது சாய்வாக இருக்கும். சாய்வைத் திருத்தாவிடில் மேல் மெட்டுகளுக்குச் செல்லச் செல்லச் சுருதி பிசகும். முதல் மூன்று நான்கு மெட்டுகளிலேயே பழகும் தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது. மலிவாகக் கிடைக்கிறதென்று நைலான் கிடாரில் எஃகுத் தந்தி கட்டிவிடாதீர்கள். இழுவை தாங்காமல் குதிரையே பெயர்ந்து வரக்கூடும்.

வீட்டில் இருப்பது ஒரே கிடாராயின், தந்தி மாற்றினால் உடன்பிறந்தோர் வாசிக்க இயலாது. அவ்விடத்தில் காட்டன் அம்மையாரின் வழியே மிஞ்சுகிறது. புத்தகங்களிலுள்ள விரலமைப்புகள் அதற்கு அப்படியே பொருந்தா. பிள்ளை தானே தேடிக்கொள்ள வேண்டும். கடினந்தான், ஆயினும் கருவி எல்லோர்க்கும் பொதுவாக இருக்கும்.

தந்தி மாற்றிக் கட்டிய பிள்ளையை ஆசிரியருக்கு எதிரே அமர்த்துங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல ஆசிரியரின் கைகள் தெரியும். வலக்கைப் பிள்ளைக்கு இல்லாத வசதி அது. முதல் சில வாரங்கள் விரல்நுனிகள் நோகும். தந்தியை அழுத்தும் கை எதுவாயினும் அந்நோவு உண்டு. அதனை இடக்கையின் குறையென்று எண்ணி நடுவில் கையை மாற்றச் சொல்ல வேண்டாம். ஒன்றிரண்டு மாதங்களில் தோல் தடித்து நோவு நின்றுவிடும்.