மரவள்ளியும் முள்ளெலியும்: மலிவான பண்டம் மதிப்புப் பெறும் வழி

எமது வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்துக் கடையில் ஒரு பொருள் நன்றாக ஓடினால், அதே பொருளைக் கொண்டுவந்து ஐந்து ரூபா குறைத்து வைப்பது. மறுநாள் அவரும் குறைப்பார். இருவரும் குறைத்துக் குறைத்து, கடைசியில் மிஞ்சும் இலாபம் பொலித்தீன் பைக்கும் போதாது. கொத்து ரொட்டிக் கடையில் இருந்து தொலைபேசி உதிரிப்பாகக் கடை வரை இதே கதையைத்தான் நான் ஊர் ஊராகப் பார்த்து வருகிறேன்.

விலையைக் குறைப்பதை விட்டால் வேறு வழியே இல்லையா? இந்தக் கேள்விக்கு உணவு வியாபாரத்தின் வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கின்றன. ஒருகாலத்தில் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்ட பண்டங்கள் பல இன்று நட்சத்திர ஹோட்டல்களில் பரிமாறப்படுகின்றன. வெறும் உப்பைத் தவிர வேறு சுவை அறியாத உருளைக்கிழங்குப் பொரியலுக்கு இன்று எண்ணற்ற சுவைகள். இவற்றை வாசிக்க வாசிக்க எனக்கு ஓர் உண்மை தெளிவானது. ஒரு பண்டம் மலிவாகக் கிடக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்குபவருக்கே இலாபம் போய்ச் சேர்கிறது.

உரமாகப் போன லொப்ஸ்டர்

நாம் சிங்கி இறால் என்றும் லொப்ஸ்டர் என்றும் அழைப்பது இன்று உலகெங்கும் பணக்கார உணவு. ஆனால் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில் அதற்கு மதிப்பே இருக்கவில்லை. கரையில் குவிந்து கிடந்ததை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டார்கள். தூண்டிலில் இரையாகக் கோத்தார்கள். ஏழைகளும் வேலைக்காரர்களும் கைதிகளும் உண்ணும் உணவாகவே அது கருதப்பட்டது.

சுவையில் என்ன குறை? ஒன்றுமில்லை. ஆனால் லொப்ஸ்டர் இறந்த உடனேயே கெடத் தொடங்கும். எனவே கரையோர மக்களுக்குத் திகட்டுமளவு கிடைத்தது. உள்நாட்டு மக்களுக்குக் கிடைக்கவே இல்லை. 1840களில் மேய்ன் மாநிலத்தில் அதைத் தகரத்தில் அடைக்கும் தொழில் தொடங்கியது. கடல்நீர்த் தொட்டி பொருத்திய படகுகளில் உயிருடன் கொண்டுசெல்லும் முறையும் பரவியது. புகையிரதம் வந்தபின் உள்நாட்டவரும் அதைச் சுவைத்தனர். கரையோரத்தின் பழைய இளக்காரம் அவர்களுக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொஸ்டன், நியூயோர்க் நகரங்களின் உணவகங்களில் அது உயர்ந்த உணவாகிவிட்டது. இறால் மாறவில்லை; அதைக் கொண்டுபோன வழிதான் மாறியது.

வெறுமையாகத் திரும்பிய விமானம்

டூனா மீனின் கொழுப்பு நிறைந்த வயிற்றுப் பகுதிக்கு இன்று ஜப்பானில் மிக உயர்ந்த விலை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அதே பகுதியைப் பூனை கூடத் தாண்டிப் போகும் என்று அவர்கள் கேலி செய்தார்கள். கொழுப்பு விரைவில் கெட்டுவிடும் என்பதே காரணம். குளிரூட்டல் வசதி வந்து, இறைச்சிச் சாப்பாட்டினால் மக்களின் நாக்கும் மாறியபோது, ஒதுக்கப்பட்ட பகுதியே முதலிடம் பிடித்தது.

இக்கதையின் அடுத்த பகுதிதான் வியாபாரிகளுக்கு முக்கியம். 1970களின் தொடக்கத்தில் ஜப்பான் விமானக் கம்பனியின் சரக்கு விமானங்கள் வட அமெரிக்காவுக்கு இலத்திரனியல் பொருட்களை ஏற்றிச் சென்று, திரும்பும்போது போதிய சரக்கின்றி வந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்ப என்ன கிடைக்கும் என்று கம்பனியின் ஊழியர் ஒருவர் தேடினார். அதே வேளை கனடாவின் கிழக்குக் கரையில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவர்கள் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள டூனாவைப் பிடித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, மீனைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். 1972 ஆகஸ்டில் அந்த மீன் விமானத்தில் டோக்கியோ சென்று ஏலத்தில் விற்பனையானது. ஒருவருக்குக் குப்பை, இன்னொருவருக்கு வெற்றிடம். இரண்டையும் இணைத்தவரே வியாபாரி. கொழும்புக்குச் சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாக ஊர் திரும்பும் எமது லொறிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

எமது நாட்டு டூனாவும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. ஆனால் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் எமது மீனுக்குத் தடை விதித்தது. 2016இல்தான் அத்தடை நீங்கியது. மீனின் தரத்தில் அல்ல, கண்காணிப்பிலும் பதிவேட்டிலுமே குறை சொன்னார்கள். வெளிநாட்டுச் சந்தையில் பதிவேடும் தரத்தின் ஒரு பகுதி என்பதை இது எமக்குக் கற்பித்தது.

உப்புப் பொட்டலத்தில் இருந்து சீஸ் வெங்காயம் வரை

இனிச் சுவைகளுக்கு வருவோம். 1920இல் லண்டனில் பிராங்க் ஸ்மித் என்பவர் உருளைக்கிழங்குச் சீவலைப் பொரித்துப் பக்கட்டில் விற்கத் தொடங்கினார். நீலக் காகிதத்தில் மடித்த சிறு உப்புப் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டுக் கொடுத்தார். வாங்குபவர் தானே பிரித்துத் தூவிக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது.

1954இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜோ மர்பி என்பவர் ஒரு வேனும் எட்டு ஊழியர்களுமாக டேட்டோ என்ற சிறு கம்பனியைத் தொடங்கினார். பொட்டேட்டோ என்று சொல்ல வராத அவரது சிறு மகனின் மழலையில் இருந்து வந்த பெயர் என்பார்கள். உப்பு மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியது. தொழிற்சாலையிலேயே சுவைப்பொடியைத் தூவிவிட்டால் என்ன? சேமஸ் பர்க் என்ற ஊழியர் முயன்று பார்த்து, சீஸ் வெங்காயச் சுவையை உருவாக்கினார். இன்று அயர்லாந்தில் டேட்டோ வீட்டுப் பெயர். அந்தச் சுவை உலகெங்கும் பரவிவிட்டது. கிழங்கும் அதேதான், எண்ணெயும் அதேதான். கூடியது ஒரு சிட்டிகைப் பொடி.

முள்ளெலிச் சுவையும் அணில் சுவையும்

1981இல் வேல்ஸ் நாட்டு விடுதிக்காரர் ஒருவர் முள்ளெலிச் சுவையில் சிப்ஸ் வெளியிட்டார். வேடிக்கையாகத் தொடங்கியது வியாபாரமாகிவிட்டது. முள்ளெலியைச் சுட்டு உண்ணும் நாடோடி மக்களிடம் அதன் ருசியைக் கேட்டறிந்து, அதற்கேற்பப் பொடி தயாரிக்கச் செய்தார். ஆனால் பக்கட்டில் முள்ளெலி இறைச்சி ஒரு துளியும் இல்லை. பன்றிக் கொழுப்பே இருந்தது. பிரித்தானியாவின் வர்த்தகக் கண்காணிப்பு அலுவலகம் தலையிட்டது. முள்ளெலி சேர்த்தது என்ற பொருள் தரும் சொல்லை, முள்ளெலியைப் போன்ற சுவை என்று பொருள்படும்படி மாற்றிய பின்னரே விடயம் முடிந்தது.

இதை வெறும் நகைச்சுவையாக எடுத்துவிட வேண்டாம். ஒரு முஸ்லிம் சிறுவன் அந்தப் பக்கட்டை வாங்கியிருந்தால் என்ன சாப்பிட்டிருப்பான்? லேபலின் முன்பக்கம் ஒன்றைச் சொல்ல, உள்ளே வேறொன்று இருப்பது இன்றும் நடக்கிறது. கோழிச் சுவை, மாட்டிறைச்சிச் சுவை, சீஸ் சுவை என்று வரும் பொடிகள் எதிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கேட்டுப் பார்க்கும் கடமை எமக்கு உண்டு. சுவை கூட்டும் ஈ-631 என்ற பொருள் இறைச்சி, மீன் ஆகியவற்றில் இருந்தும் வரலாம். மரவள்ளி மாவை நொதிக்க வைத்தும் பெறலாம். இலக்கம் ஒன்றுதான், மூலம் வேறு. எனவே இலக்கத்தைப் பார்த்துப் பயப்படுவதோ பயப்படாமல் விடுவதோ போதாது. இறக்குமதியாளரிடம் ஆவணத்தைக் கேளுங்கள். 2013 சர்ச்சையின் பின் ஜம்இய்யதுல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்குவதில் இருந்து விலகியதையும், 2014இல் இருந்து தனி நிறுவனமான ஹலால் சான்றுறுதிப் பேரவை அதைச் செய்து வருவதையும் நாம் அறிவோம்.

விசித்திரச் சுவை விற்குமா என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. பிரித்தானியாவின் வோக்கர்ஸ் கம்பனி 2008இல் புதிய சுவைகளைப் பொதுமக்களிடமே கேட்டது. வென்றவருக்கு 50,000 பவுணும் விற்பனையில் 1 சதவீதமும் பரிசு. இறுதிக்கு வந்த ஆறு சுவைகளில் அணில் சுவையும் ஒன்று. அதில் அணில் இருக்கவில்லை. ஊடகங்கள் அணிலைப் பற்றிப் பேசின. 2009இல் மக்கள் தேர்ந்தெடுத்ததோ சாதாரணத் தொழிலாளியின் காலைச் சாப்பாட்டுச் சுவையை. அடுத்த ஆண்டே அதுவும் சந்தையில் இருந்து நீக்கப்பட்டது. புதுமை முதலாவது பக்கட்டை விற்கும். இரண்டாவது பக்கட்டை விற்பது ருசி. ஐம்பதாவது பக்கட்டை விற்பது நம்பிக்கை.

எமது மரவள்ளி

1970களின் முற்பகுதியை எமது மூத்தோர் மறக்கமாட்டார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு, அரிசித் தட்டுப்பாடு, பாணுக்கு நீண்ட வரிசை. அன்று பல வீடுகளில் பசி ஆற்றியது மரவள்ளிக்கிழங்கு. அதனாலேயே அதற்குப் பஞ்சகால உணவு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விருந்தாளி வந்தால் அவித்த மரவள்ளியை வைக்கக் கூச்சப்பட்டார்கள். 2022 நெருக்கடியில் மீண்டும் அதுவே பலருக்குக் கைகொடுத்தது.

இன்று அதே கிழங்கு மெல்லிய சீவலாகப் பொரிந்து, மிளகாய்த்தூள் தூவி, காலிமுகத்திடலில் பையில் விற்கப்படுகிறது. அழகிய பக்கட்டில் சுப்பர் மார்க்கட் அடுக்கிலும் நிற்கிறது. மரவள்ளி ஏன் மலிவு? லொப்ஸ்டரின் அதே நோய்தான். பிடுங்கி இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலம் பாய்ந்து பழுதாகிவிடும். ஆகவே விவசாயி கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். பொரித்துக் காற்றுப் புகாமல் அடைத்தவுடன் இரண்டு நாள் ஆயுள் மாதக் கணக்காகிறது. இலாபம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆனால் எமது சிறு உற்பத்தியாளர்களில் பலர் அந்த இடைவெளியையும் விலைப் போட்டியில் கரைத்துவிடுகிறார்கள். ஒருவர் மிளகாய்த்தூள் போட்டால் எல்லோரும் மிளகாய்த்தூள்தான். மாசியும் தேசிக்காயும், வறுத்த கறிவேப்பிலையும் உள்ளியும், மிளகும் கொறுக்காப்புளியும் எமது சமையலறையில் தலைமுறைகளாக இருக்கும் சுவைகள். இவற்றை உலர்த்திப் பொடியாக்கிப் பரீட்சித்துப் பார்க்க முடியாதா?

முயல விரும்புவோருக்கு எனது அனுபவத்தில் சில வார்த்தைகள். முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். கிழங்கின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர், தோலும் கழிந்துவிடும். ஒரு கிலோ கிழங்கு ஒரு கிலோ சிப்ஸ் ஆகாது. எண்ணெய், எரிவாயு, கூலி, திரும்பி வரும் பக்கட் எல்லாவற்றையும் சேர்த்த பின்னரே விலையைத் தீர்மானியுங்கள். சுவைப்பொடி நன்றாக உலர்ந்திருக்கட்டும். சற்று ஈரம் இருந்தாலும் சீவல் நமத்துவிடும். மாசி சேர்த்தால் மீன் ஒவ்வாதவர்களுக்காக அதை லேபலில் தெளிவாகப் போடுங்கள். கறுத்த எண்ணெயில் மீண்டும் மீண்டும் பொரிக்காதீர்கள். இதை உண்பவர்களில் பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள். நிறை, சேர்பொருள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியவை இல்லாத பக்கட்டைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்த பிறகு தேடுவதை விட முன்னரே அவரிடம் ஆலோசனை பெறுவது செலவு குறைந்த வழி.

புதிய சுவை ஒன்றைச் செய்தால் ஆயிரம் பக்கட் அச்சடித்துவிடாதீர்கள். ஐம்பது பக்கட் செய்து ஐந்து கடைகளுக்குக் கொடுங்கள். முதல் வாரம் விற்றதைக் கண்டு மகிழ வேண்டாம். இரண்டாவது வாரம் கடைக்காரர் தானாகவே தொலைபேசியில் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் தொடருங்கள், இல்லையென்றால் அடுத்த சுவைக்குப் போங்கள்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டி வியாபாரியை எச்சரித்த நபி (ஸல்) அவர்களின் சம்பவத்தை நாம் ஜும்ஆப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். மேலே தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அந்தப் பாடம், இன்றைய பக்கட்டுக்கும் லேபலுக்கும் அப்படியே பொருந்தும். பண்டத்தின் மதிப்பை உயர்த்தும்போது கிழங்கு தந்த விவசாயிக்கும் நியாயமான விலை போய்ச் சேரட்டும்; அவர் பயிரைக் கைவிட்டால் எமது சட்டியும் காயும்.

அடுத்த முறை பக்கத்துக் கடைக்காரரின் விலையைப் பார்த்து உங்கள் விலையை அழிக்கக் கையெடுக்கும் முன், உங்கள் ஊரில் எந்தப் பண்டம் தேடுவாரின்றிக் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அந்த 'ஏன்' என்ற இடத்தில், இன்ஷா அல்லாஹ், உங்களுக்குரிய ரிஸ்க் காத்திருக்கக்கூடும்.