படகேற்றும் கைவண்டி

குற்றாலத்தில் சாரல் தொடங்கி, ஐந்தருவிச் சாலையிலுள்ள வெண்ணமடைக் குளம் நிரம்பிவிட்டால், அங்கே படகு சவாரிக்குக் கூடும் கூட்டத்தை நம் அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் தண்ணீரில் படகு போகும் அழகைப் பார்க்கிறார்கள். நமது கவனமோ படகு கரையேறும் வேளையிலேயே சென்றது. தண்ணீரில் ஒரு குழந்தை தள்ளினாலும் நகரும் பொருள், கரைக்கு வந்தவுடன் இரண்டு ஆடவரின் தோளைக் கேட்கிறது.

தென்காசி வட்டாரத்துக் குளங்களில் இறங்குகிறவர்களுக்கு இது வேடிக்கையன்று. நமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், ஒருவர் அமர்ந்து செல்லும் சிறு படகு ஒன்றை வைத்திருக்கிறார். உதவிக்கு ஆள் வராத ஒரு நாள், அதைத் தனியே தோளில் ஏற்றிக்கொண்டு குளக்கரையின் ஈரமண்ணில் இறங்கினார்; கால் வழுக்கிற்று. முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாத காலம் வயலுக்கும் போகவில்லை, குளத்துக்கும் போகவில்லை. நடவுப் பருவத்தில் ஒரு மாதம் என்றால் என்னவென்று இந்த இதழைப் படிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசியபோதுதான், இதற்கு ஒரு வண்டி செய்தால் என்ன என்ற யோசனை பிறந்தது.

இச்சிறு படகைக் கயாக் என்கிறார்கள். வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்கள் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். நம் நாட்டில் ஒகேனக்கல் பரிசல் இதற்கு ஒருவகையில் உறவு. அதுவும் மூங்கிலால் பின்னி மேலே போர்த்தியதே. பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றி ஒருவரே நடந்துவிடுகிறார். பத்தடி நீளப் படகில் அது நடவாது. முனை ஒருபுறம் தாழ, மறுபுறம் எழும்.

நமது முதல் வண்டி தோற்றது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பழைய குழந்தை மிதிவண்டியின் சக்கரங்கள் இரண்டை எடுத்து, ஒரு குழாயின் இரு முனைகளிலும் ஒரு பக்கத்தில் மட்டும் பிடிக்குமாறு முடுக்கினோம். வீதியில் நன்றாகவே உருண்டது. வாய்க்கால் கரையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் அச்சு வளைந்து, சக்கரம் படுத்துவிட்டது. பிழை நம்முடையதே. மிதிவண்டிச் சக்கரத்தின் அச்சு விரலளவு கூட இல்லாத மெல்லிய கம்பி. இருபுறமும் தாங்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. ஒருபுறம் மட்டும் பிடித்தால் பாரம் முழுவதும் அதை நெம்புகோலாக வளைக்கிறது. மாட்டுவண்டி அச்சின் கதை வேறு, அது தடிப்பானது. அப்படியிருந்தும் உப்பு விற்ற உமணர்கள் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூறு கூறுகிறது. அந்த முன்னெச்சரிக்கை நமக்கு இல்லாமற் போயிற்று.

இரண்டாவது வண்டியில் சக்கரத்தை மட்டும் கழற்றாமல், முன் கவையோடு சேர்த்தே எடுத்தோம். பட்டறையில் ஃபோர்க் என்று கேட்டால் கொடுப்பார்கள். பன்னிரண்டு அங்குலச் சக்கரம் கொண்ட பழைய குழந்தை வண்டிகள் இரண்டு போதும். இரு கவைகளின் தலைப்பையும் ஒரே இரும்புக் குழாயில், சக்கரங்களுக்கு இடையே இரண்டடி அகலம் இருக்குமாறு பற்றவைத்தோம்; கவையிலிருந்து குழாய்க்குச் சாய்வாக ஒரு முட்டுக் கம்பியும் வைத்தோம். குழாயின்மேல் இரண்டடி நீளமுள்ள கருவேலஞ் சட்டங்கள் இரண்டை மறையாணியால் இறுக்கி, படகின் வயிற்றுக்கு ஏற்ப மேற்புறத்தைச் சரித்துச் செதுக்கினார் தச்சர். பழைய டியூபை வெட்டி அதன்மேல் அடித்தால் படகு வழுக்காது, உராயவும் உராயாது.

கட்டுவதற்கு நவார்ப் பட்டை. இங்கே நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை: பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஆனால் நனைந்தபடியே சுருட்டி வைத்தால் மக்கிவிடும். நாள்தோறும் உலர்த்த முடியாதவர்கள் நைலான் பட்டையே வாங்கிக்கொள்ளலாம்; இதைச் சொல்ல நமக்குச் சற்று வருத்தம்தான்.

வண்டியைவிட முக்கியம், அதைப் படகில் எங்கே வைப்பது என்பது. படகை ஓர் உலக்கையின்மேல் குறுக்காக வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், இரு முனையும் சமமாக நிற்கும் இடம் தெரியும். அங்கே ஒரு குறி இடுக. அச்சு அக்குறிக்கு அரையடி பின்னால் வரவேண்டும். படகு 25 கிலோ எடையும் பத்தடி நீளமும், குறி நடுவிலும் இருப்பதாகக் கொள்வோம். முன்முனையைப் பிடித்து இழுப்பவர் கையில் சுமார் இரண்டேகால் கிலோவே தங்கும். அச்சை இரண்டடி பின்னே தள்ளிவிட்டால் அதே கை ஏழு கிலோவைத் தாங்க நேரும். குறிக்கு முன்னால் வைத்தாலோ படகின் பின்புறம் தரையில் இழுபடும். சீன தேசத்தார் பழங்காலத்திலேயே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெரிய சக்கரத்தைப் பாரத்தின் நடுவே வைத்தார்கள். ஐரோப்பியர் சக்கரத்தை முன்முனையில் வைத்ததனால் பாரத்தில் ஒரு பங்கைத் தள்ளுபவரும் சுமந்தார்.

முதுகு நொந்த அந்த நண்பர் இப்போது தனியே குளத்துக்குப் போய் வருகிறார். ஆனால் வண்டி அவரிடம் தங்குவதில்லை. சட்டத்தின்மேல் ஒரு பலகையைக் கட்டி, வாழைத்தார் ஏற்ற ஒருவர் கேட்டார். புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சை மூட்டையைப் பேருந்து நிலையத்திலிருந்து கொணர மற்றொருவர் எடுத்துச் சென்றார். தறிக்காரர் ஒருவர் பாவு சுற்றிய உருளையை ஏற்றிப் பார்த்துவிட்டு, சட்டம் இன்னும் ஓரடி நீளமாயிருந்தால் நலம் என்றார். அவர் சொன்னது சரி. சங்கத்திற்கென்று ஒரு வண்டி செய்து, எடுப்பவர் பெயரை ஏட்டில் குறித்துக் கொடுத்து வாங்கினால், ஒவ்வொருவரும் தனித்தனியே செலவிட வேண்டியிராது. அதில் சட்டம் மூன்றடியாகவே இருக்கட்டும்.

குளத்து மணலில் போகும்போது சக்கரத்தில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். டயர் அகன்று பதிந்து, மண்ணில் புதையாது. தார்ச்சாலை ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் இறங்கிய நாளன்று மாலையே அச்சைத் துடைத்து கிரீஸ் தடவி வையுங்கள். நாம் ஒரு முறை மறந்து, மறுவாரம் குண்டுகள் துருப்பிடித்திருக்கக் கண்டோம்.