ஓடை பெருகும் ஊரில் எந்தக் கமரா?

உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய வீடியோ நாடா கிடக்கிறதா? 1990களில் நடந்த ஏதாவதொரு கல்யாண வீட்டின் நாடா. மாப்பிள்ளை வருகிறார், சஹன் வைக்கிறார்கள், பிள்ளைகள் கமராவுக்குக் குறுக்கே ஓடுகிறார்கள். ஒரு மூலையில் உங்கள் உம்மும்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்ன சொன்னார்? தெரியாது. வீடியோக்காரர் பிறகு ஏற்றிவிட்ட பாட்டு அந்தப் பேச்சை விழுங்கிவிட்டது. உம்மும்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முகம் இருக்கிறது, குரல் இல்லை.

வெளியிடங்களில் ஆவணப்படம் எடுக்க எந்தக் கமராவை வாங்கலாம் என்று கேட்கும் சகோதரிகளுக்கு முதலில் அந்த நாடாவைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன்.

அக்குறணையை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வரும் ஊர். கடைத்தெருவை ஒட்டியே பிங்கா ஓயா ஓடுகிறது. மலையில் கடும் மழை பெய்தால் ஓயா பெருகும், வீதி மூழ்கும், கடைக்காரர்கள் சாமான்களை மேல்மாடிக்குத் தூக்குவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றைக் கழுவுவதும், ஈரத் துணிகளைக் காயப்போடுவதும், பிள்ளைகளின் நனைந்த கொப்பிகளைப் பிரித்து வைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆனால் வெள்ளம் ஏன் வருகிறது என்ற விவாதத்தில் அவர்களின் குரலைக் கேட்பது அரிது. ஓயாவின் கரை ஒடுங்கியதாலா, கட்டடங்களாலா, குப்பையாலா, பாலத்தில் அடைபடும் மரக்கிளைகளாலா என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன் ஓயா எவ்வளவு அகலமாக இருந்தது என்று கையை விரித்துக் காட்டக்கூடியவர்கள் இன்று எண்பது வயதுக்காரர்கள். அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டிய விஷயம் இது.

இதற்கு முன் நம் நாட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1934இல் பஸில் ரைட் என்ற ஆங்கிலேயர், தேயிலைப் பிரசார சபைக்காக ‘ஸோங் ஒஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். உலக ஆவணப்பட வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு, காட்சிகளும் அழகானவை. ஆனால் அதன் ஒலி இங்கிலாந்தில் சேர்க்கப்பட்டது. படத்தில் விவரணை சொல்பவர் லயனல் வென்ட். அவர் வாசிப்பது பெரும்பாலும், 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து. திரையில் தெரியும் உழவரும் கூடை சுமக்கும் பெண்ணும் தம் கதையைத் தாமே நமக்குச் சொல்வதில்லை. ரைட்டைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியைக் காடு மேடு எல்லாம் தூக்கித் திரிவது பெரும் பாடு. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் ‘ரேகாவ’ படத்துக்காக ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்து வெயிலுக்குக் கமராவைக் கொண்டுபோனதே பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. இன்று உங்கள் கைப்பையில் அடங்கும் கருவியே படத்தையும் குரலையும் சேர்த்துப் பிடிக்கும்.

சரி, கடைக்குப் போவோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பெரிய சென்சர் உள்ள, லென்ஸ் மாற்றும் கமராவாகத்தான் இருக்கும். 2021இல் வந்த சோனி எஃப்.எக்ஸ். 3 அந்த வகை. சென்சர் என்பது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் தகடு. அது பெரிதாக இருந்தால் மங்கல் வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும், முகத்துக்குப் பின்னால் உள்ளவை பஞ்சுபோல மங்கிப்போகும். கல்யாண வீட்டுக்கு அது வெகு அழகு. வெள்ளத்தைப் பற்றிய படத்துக்கு? அங்கே பின்னால் இருப்பதுதான் சாட்சி! சுவரில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தக் கடைக் கதவு வளைந்திருக்கிறது, பாலத்துக்கும் தண்ணீருக்கும் எத்தனை அடி இடைவெளி என்பதையெல்லாம் மங்கலாக்கிவிட்டால் படம் எடுத்து என்ன பயன்? மேலும், தூறலில் நின்று லென்ஸைக் கழற்றி மாற்றினால் ஈரமும் தூசும் நேரே சென்சரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே என் சிபாரிசு, லென்ஸ் உடலோடு பொருந்திய, ஓர் அங்குல வகைச் சென்சர் உள்ள கைக்கமராதான். சோனி இஸட் 90 அதற்கு ஓர் உதாரணம். 2017இல் வந்தது, எடை ஏறக்குறைய ஒரு கிலோ, 12 மடங்கு சூம். இந்த மாதிரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கிடைக்கும் கமராவில் சில அம்சங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் அம்சம், உள்ளேயே பொருத்திய என்.டி. வடிகட்டி. இது கமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுவது போன்றது. மலைநாட்டு வெளிச்சத்தை நீங்கள் அறிவீர்கள். ஓயாவின் பள்ளத்தில் இருட்டு, மேலே வானம் பால் வெள்ளை, ஐந்து நிமிடத்தில் மேகம் விலகிச் சுள்ளென்று வெயில். வடிகட்டி இல்லாத கமரா அந்த வெயிலைச் சமாளிக்க ஷட்டரை மிக வேகமாக ஓட்டும். அப்போது ஓடும் தண்ணீரும் நடக்கும் மனிதரும் துண்டு துண்டாகத் துள்ளுவது போலத் தெரிவார்கள். நான் சொன்ன அந்தக் கமராவில் வெளிச்சத்தை நான்கில், பதினாறில், அறுபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் மூன்று படிகள் உண்டு. விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். எஃப்.எக்ஸ். 3இல் உள் வடிகட்டி கிடையாது. வெளியே திருகிப் பூட்ட வேண்டும். ஒரு கையில் குடை, விரலெல்லாம் ஈரம், அந்த நேரத்தில் யார் திருகுவது?

அடுத்தது ஒலி. எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முள் மைக் வயரைச் சொருகும் துளைகள் இரண்டு இருக்க வேண்டும். அந்த வயர் பூட்டிக்கொள்ளும், இழுபட்டாலும் கழன்று வராது. ஒலியளவைக் கையால் திருப்பி வைக்கும் குமிழும் ஹெட்போன் துளையும் கட்டாயம். கமராவோடு வரும் சிறு மைக்கை நம்பவே வேண்டாம். ஏ9 வீதியில் போகும் பஸ்ஸும் ஓட்டோவும் அதற்கு நன்றாகக் கேட்கும், பேசுகிற உம்மும்மா மட்டும் கேட்கமாட்டார். உடுப்பில் பொருத்தும் சிறு மைக் ஒன்றையும், காற்றைத் தடுக்கும் ரோம உறை போட்ட நீள மைக் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இதில் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வயதான ஒரு தாயின் முந்தானைக்குக் கீழே மைக்கைப் பொருத்தி, துணி உரசாமல் சரிசெய்து விடுவதை ஒரு பெண்ணால்தான் சங்கடமில்லாமல் செய்ய முடியும். காதுக்குள் வைக்கும் சிறு ஹெட்போன் உங்கள் முக்காட்டுக்குள் அடங்கிவிடும். மழையில் குடைமேல் விழும் துளிகளின் சத்தம் பேட்டியையே கெடுத்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். குடைமேல் தடித்த துவாய் ஒன்றை விரித்தால் சத்தம் வெகுவாக அடங்கும்.

பெட்டரிக்கு வருவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை கண்டி மாவட்டத்தை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் உலுக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் இல்லாமற்போயின. படம்பிடிக்க வேண்டிய நாளில் சார்ஜ் ஏற்ற வழியிருக்காது என்று எண்ணியே வாங்க வேண்டும். கழற்றி மாற்றக்கூடிய பெட்டரி மூன்றாவது வேண்டும். இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 22 ஜிகாபைட் போகும். கார்டு வாங்கும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

“கையில் உள்ள போன் போதாதா?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரவு இரண்டு மணிக்கு ஓயா பெருகி வாசலுக்கு வந்தால், போர்வைக்குப் பக்கத்தில் இருக்கும் போன்தான் உலகத்திலேயே சிறந்த கமரா. ஆனால் நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது, நடுவில் அழைப்பு வரும், தூரத்துப் பாலத்தைக் கிட்டே இழுத்தால் படம் புள்ளி புள்ளியாக உடையும். வெள்ளத்தில் தூரத்திலிருந்தே எடுக்க முடிவது பாதுகாப்பும்கூட. தண்ணீருக்குள் இறங்கி எடுக்க வேண்டிய படம் ஒன்றுமில்லை. போனில் எடுத்ததை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறையும், நான்கு பேர் கை மாறியதும் எந்த வருட வெள்ளம் என்பதே மறந்துபோகும். மூலப்பதிவைத் திகதியோடு தனியே எடுத்து வையுங்கள். போன் இரண்டாவது கமராவாக இருக்கட்டும்.

பழைய கமரா மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டளவில் வந்த சோனி பி.டி. 150 அருமையான கமரா. மேலே சொன்ன வடிகட்டி, இரண்டு மைக் துளை எல்லாம் அதில் அப்போதே இருந்தன. ஆனால் அது நாடாவில் பதிவது. நாடா தேடுவதும், அதைக் கணினிக்கு ஏற்றும் வயர் தேடுவதும் இன்று பெரும் அலைச்சல். கார்டில் பதியும் பழைய கமரா கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். கையோடு ஒரு டோர்ச் கொண்டுபோங்கள். லென்ஸுக்குள் சாய்த்து அடித்துப் பார்த்தால், சிலந்தி வலைபோல மெல்லிய நூல்கள் தெரிகின்றனவா? அது பூஞ்சணம். நம் மலைநாட்டு ஈரத்தில் அது பரவிக்கொண்டே போகும், எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். புதிதானாலும் பழையதானாலும் கடைக்குள் நின்று முடிவெடுக்காதீர்கள். கண்டி வீதியின் நடுப்பகல் வெயிலுக்கு வெளியே கொண்டுவந்து, திரை தெரிகிறதா, கண்ணை வைத்துப் பார்க்கும் குழல் இருக்கிறதா, பத்து நிமிடம் தூக்கி நின்றால் கை நடுங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த வகையின் குறையையும் மறைக்கக் கூடாது. இரவுக் காட்சியில் படம் சற்றுக் குருணை தட்டும். உங்கள் கதை பெரும்பாலும் இரவிலும் வீட்டுக்குள்ளும் நடப்பதானால், பெரிய சென்சர் கமராவே பொருத்தம். எதை வாங்கினாலும் கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மைக், முக்காலி, மழை உறை, பெட்டரி ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்கே கமரா பாருங்கள். மழை உறைக்கு வழியில்லாவிட்டால், குளிக்கும்போது தலைக்குப் போடும் பொலித்தீன் தொப்பிகூட அவசரத்துக்கு உதவும்.

வெள்ளத்தில் நனைந்து நிற்கும் ஒரு பெண்ணை நோக்கிக் கமராவைத் திருப்பாதீர்கள். அவர் உடை மாற்றி, ஒரு தேத்தண்ணீர் குடித்து, பேசச் சம்மதித்த பிறகு எடுக்கலாம். முகம் காட்ட விருப்பமில்லை என்றால் கைகளை எடுங்கள், குரலை எடுங்கள். பிறகு வேண்டாம் என்று சொன்னால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

வெள்ளம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மழையில்லாத ஒரு நாளில், அஸருக்குப் பிறகு சரிந்து விழும் வெளிச்சத்தில், தண்ணீர் குறைந்த ஓயாவைப் பாலத்தின் ஓர் இடத்திலிருந்து எடுத்துவிட்டு முக்காலி நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் கமராவைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவு உள்ளே போகும். பெட்டியைக் கீழ்வீட்டு அலுமாரியில் வைக்க வேண்டாம். கடைக்காரர்கள் சாமான் தூக்கி வைக்கும் அதே மேல்மாடியில் வையுங்கள்.