பளபள பத்திரிகைகளைப் பெண்கள் ஏன் கைவிட்டார்கள்?

2001-ல் பிரிட்டனில் 'கிளாமர்' என்ற பெண்கள் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. கைப்பைக்குள் அடங்கிவிடும் சின்ன அளவு, குறைந்த விலை, வழவழப்பான தாள், அட்டையில் சிரிக்கும் நடிகை. சில ஆண்டுகளிலேயே அது காஸ்மோபாலிட்டனைப் பின்னுக்குத் தள்ளி அந்நாட்டின் முதலிடத்துப் பெண்கள் மாத இதழானது. 2017-ல் அதே கிளாமர், இனி மாதந்தோறும் வராது, ஆண்டுக்கு இரண்டு முறைதான் அச்சாகும் என்று அறிவித்தது. அமெரிக்கப் பதிப்பு 2019 ஜனவரி இதழோடு அச்சை நிறுத்திக்கொண்டது. பிரிட்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வந்த மாரி கிளேர் 2019 நவம்பர் இதழோடு கடைகளிலிருந்து மறைந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு தலைமுறைப் பெண்கள் படித்து வளர்ந்த கிளியோ 2016-ல் மூடப்பட்டது. அமெரிக்காவில் செல்ஃப், டீன் வோக், ரெட்புக், இன்ஸ்டைல் என்று ஒவ்வொன்றாக அச்சிலிருந்து விலகின. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பத்திரிகை வகையே ஏறக்குறைய கலைந்துவிட்டது.

காரணம் கேட்டால் எல்லோரும் கைப்பேசியைக் காட்டுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. முக அலங்காரக் குறிப்பும் நடிகையின் புதுப் படமும் இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்து வாங்குவது எதற்கு? ஆனால் இந்தக் காரணம் மட்டும் போதாது. அதே காலத்தில், அதே பிரிட்டனில், இணையத்தில் மிகக் குறைவாகவே எழுதும் 'பிரைவேட் ஐ' என்ற அரசியல் நையாண்டி இதழ் 2016-ன் பிற்பகுதியில் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனையைத் தொட்டது. பெண்கள் பத்திரிகைகளுக்குள்ளேயே பார்த்தாலும், நூறாண்டைத் தாண்டிய 'குட் ஹவுஸ்கீப்பிங்' விற்பனையில் கிளாமரை முந்தியது. எனவே கைப்பேசி எல்லாப் பத்திரிகைகளையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை. எதன்மீது வாசகருக்கு ஏற்கெனவே பிடிப்பு தளர்ந்திருந்ததோ, அதைத்தான் முதலில் சாய்த்தது. பளபள பத்திரிகைகளின்மீது பெண்களுக்கு இருந்த நம்பிக்கை கைப்பேசி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அரிக்கப்படத் தொடங்கிவிட்டது என்பதே என் வாதம். அரித்தது யார் என்பதற்கும் பதில் இருக்கிறது. விளம்பரதாரருக்காக வாசகியை விட்டுக்கொடுத்த பதிப்பாளர்கள்தாம்.

இந்தத் தொழிலின் கணக்கு எளிது. வழவழப்பான தாளும் வண்ண அச்சும் பெரிய புகைப்படக்காரரின் சம்பளமும் அட்டை விலையில் அடங்காது. மிச்சத்தை விளம்பரம் கட்டுகிறது. அமெரிக்க வோக் பத்திரிகையின் 2007 செப்டம்பர் இதழ் 840 பக்கம். அவற்றில் 727 பக்கம் விளம்பரம். அதாவது, காசு கொடுத்து வாங்கியவருக்கு ஆசிரியர் குழு எழுதித் தந்தது நூற்றுச் சொச்சம் பக்கம். மீதியெல்லாம் அவரை வாங்க வைக்க மற்றவர்கள் பிடித்த இடம். வோக் வாசகிகளில் பலர் அந்த விளம்பரங்களையும் ரசித்துத்தான் புரட்டினார்கள், அதை மறுப்பதற்கில்லை. சிக்கல் விளம்பரத்தின் எண்ணிக்கையில் தொடங்குவதும் இல்லை. விளம்பரமில்லாத அந்த நூற்றுச் சொச்சம் பக்கத்தில் என்ன எழுதலாம் என்பதையும் விளம்பரதாரரே தீர்மானிக்கும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

அப்படித் தீர்மானிக்க விடாத ஒரு பெண்கள் பத்திரிகை ஒரு காலத்தில் இருந்தது. பிலடெல்ஃபியாவிலிருந்து 1883 முதல் வெளிவந்த 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அது. அந்நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளின் பெரிய வருமானம் 'சர்வரோக நிவாரணி' மருந்து விளம்பரங்கள். பெண்களின் மாதவிலக்கு வலி முதல் குழந்தையின் அழுகை வரை தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தப் புட்டிகள் பலவற்றில் சாராயம் இருந்தது, சிலவற்றில் அபின் சத்தும் இருந்தது. 1889-ல் ஆசிரியரான எட்வர்ட் போக், பதிப்பாளரின் ஒப்புதலோடு, 1892 முதல் இனி இந்த மருந்து விளம்பரங்களே வேண்டாம் என்று நிறுத்தினார். அதோடு விடவில்லை. லிடியா பிங்கம் என்ற பெயரில் விற்ற பெண்கள் டானிக் மிகப் பிரபலம். உங்கள் உபாதைகளை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், மாசசூசெட்ஸில் லின் நகரத்திலிருக்கும் பிங்கம் அம்மையாருக்கே கடிதம் எழுதுங்கள் என்று அதன் விளம்பரம் அழைத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தரங்கமான துயரங்களை எழுதி அனுப்பினார்கள். போக் அந்த விளம்பரத்தையும், பக்கத்திலேயே லின் நகரக் கல்லறையில் இருந்த ஒரு கல்லின் புகைப்படத்தையும் அச்சிட்டார். லிடியா பிங்கம் 1883-லேயே இறந்துவிட்டதை அந்தக் கல் சொன்னது.

அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பெண் என்ன நினைத்திருப்பாள்? இந்தப் பத்திரிகை எனக்காக ஒருவனைப் பகைத்துக்கொள்கிறது என்றுதானே. வருமானத்தை உதறிய அந்தப் பத்திரிகை அழிந்துபோகவும் இல்லை. விளம்பரங்களை நிறுத்திய பதினோராம் ஆண்டில், 1903-ல், பத்து லட்சம் சந்தாதாரர்கள் அதற்கு இருந்தார்கள். மருந்து, உணவுக் கலப்படத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1906-ல் அமெரிக்காவில் வந்ததற்கு இது போன்ற பத்திரிகைகள் செய்த பிரசாரமும் ஒரு காரணம். போக் எல்லாவற்றிலும் பெண்கள் பக்கம் நின்றவர் என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு வாக்குரிமை தருவதை அவர் எதிர்த்தார். ஆனாலும் வாசகியை ஏமாற்றுபவனிடம் காசு வாங்கக் கூடாது என்ற ஒரு விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார்.

அறுபது எழுபது ஆண்டுகளில் அதே பத்திரிகை எங்கே போய் நின்றது என்று பார்க்க வேண்டும். 1970 மார்ச் 18 அன்று நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நியூயார்க்கில் லேடீஸ் ஹோம் ஜர்னல் அலுவலகத்துக்குள் நுழைந்து, ஆசிரியர் ஜான் மேக் கார்ட்டரின் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். பதினோரு மணி நேரம் நகரவில்லை. பெண்கள் படிக்கும் பத்திரிகைக்குப் பெண் ஆசிரியர் வேண்டும், ஊழியர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும், பெண்களை இழிவுபடுத்தும் விளம்பரங்களை நிறுத்த வேண்டும் என்றார்கள். கிடைத்தது, அந்த ஆண்டு ஆகஸ்ட் இதழில் எட்டுப் பக்கம். இணையம் வாசகிகளைப் பறித்தது என்பவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். உலகளாவிய வலை பிறக்கவே இன்னும் இருபது ஆண்டு இருந்தது. பெண்கள் அப்போதே முறையிட்டார்கள். போக வேறு இடம் இல்லாததால் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேறு இடம் உண்டாக்கிப் பார்த்தவர் அமெரிக்கப் பெண்ணியப் பத்திரிகையாளர் குளோரியா ஸ்டைனம். அவரும் தோழிகளும் 1972-ல் மாத இதழாகக் கொண்டுவந்த 'மிஸ்', பெண்களை ஏமாற்றாத விளம்பரங்களை மட்டும் வாங்கிப் பத்திரிகை நடத்த முடியுமா என்று பல ஆண்டுகள் முயன்றது. அந்த அனுபவத்தை 1990-ல் ஸ்டைனம் நீண்ட கட்டுரையாக எழுதினார். பெண்கள் பத்திரிகையின் உள்ளறையை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய வேறு எழுத்து அரிது. பெண்கள் பத்திரிகையில் ஷாம்பு விளம்பரம் வேண்டுமா, தலைமுடி பற்றிக் கட்டுரை போடு. உணவுப்பொருள் விளம்பரம் வேண்டுமா, சமையல் குறிப்பு போடு. வைர மோதிரம் விற்கும் டி பியர்ஸ், தன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் கடுமையான செய்தியோ காதலுக்கு எதிரான எழுத்தோ வரக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. பிராக்டர் அண்டு கேம்பிள், துப்பாக்கிக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு போன்றவற்றைப் பற்றி எழுதும் இதழிலேயே தன் சில பொருள்களின் விளம்பரம் இடம்பெறக் கூடாது என்றது. சோவியத் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்ணியவாதிகள் பற்றி மிஸ் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டபோது, ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தின் விளம்பரம் கைநழுவிப் போனது. அட்டையில் இருந்த அந்தப் பெண்கள் முகப்பூச்சு போட்டிருக்கவில்லை என்பதே காரணம். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்ணிடம் உதட்டுச்சாயம் எங்கே என்று கேட்கும் கணக்கு இது. ஆண்கள் படிக்கும் செய்தி இதழ்களிடம் யாரும் இந்த நிபந்தனைகளை இப்படி வைத்ததில்லை என்பதையும் ஸ்டைனம் சுட்டிக்காட்டினார்.

வாசகிக்கு இந்த நிபந்தனைகள் தெரியாது. ஆனால் விளைவு தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் அதே இடையைக் குறைக்கும் வழி, அதே சருமப் பராமரிப்பு, அதே குற்றவுணர்வு. முதல் பக்கங்களில் உன்னை நீயே நேசி என்று கட்டுரை, பத்துப் பக்கம் தள்ளி உன் தொடையில் என்ன குறை என்று இன்னொன்று. அந்தக் குறைக்கு மருந்து அடுத்த பக்கத்து விளம்பரத்தில்.

இணையம் செய்த முக்கியமான காரியம், திரைக்குப் பின்னால் நடந்ததை எல்லோருக்கும் காட்டியதுதான். 2007-ல் தொடங்கிய ஜெசபெல் என்ற இணைய இதழ், கணினியில் திருத்தப்படாத ஓர் அட்டைப்படத்தைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தது. கிடைத்தது ரெட்புக் 2007 ஜூலை இதழின் அட்டைப்படம், பாடகி ஃபெய்த் ஹில். அவருக்கு அப்போது 39 வயது, ஊரறிந்த அழகி. மூலப்படத்தையும் அச்சான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கண்ணோரச் சுருக்கங்கள் துடைக்கப்பட்டிருந்தன. முதுகில் சற்றே பிதுங்கிய சதை வெட்டப்பட்டிருந்தது. கை பாதியாக மெலிந்திருந்தது. ரெட்புக் மற்ற பத்திரிகைகளைப் போல இளம்பெண்களுக்கானது அல்ல; வேலையும் பிள்ளைகளும் உள்ள முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கானது. அவர்களைப் போன்ற ஒரு தாயின் உடம்பைக்கூட அப்படியே காட்ட அது துணியவில்லை. தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்று பத்திரிகை பதில் சொன்னது. அந்தப் பதில் உண்மை. அதனாலேயே அது எல்லாப் பத்திரிகைகளையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தது. 2012-ல் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருவர், மாதம் ஒரு திருத்தாத புகைப்படமாவது போடுங்கள் என்று செவன்டீன் இதழைக் கேட்டுத் தொடங்கிய மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். சிறுமிகளின் உடலையும் முக அமைப்பையும் திருத்த மாட்டோம் என்று அந்தப் பத்திரிகை உறுதிமொழி வெளியிட வேண்டியதாயிற்று.

உள்ளே இருந்தவர்களுக்கே நம்பிக்கை போயிருந்தது. பிரிட்டிஷ் வோக்கில் ஃபேஷன் இயக்குநராகக் கால் நூற்றாண்டு இருந்த லூசிண்டா சேம்பர்ஸ், 2017-ல் வேலையை இழந்த பிறகு ஒரு நேர்காணலில் மனம் திறந்தார். தானே பல ஆண்டுகளாக வோக் படிப்பதில்லை என்றார். அதில் வரும் உடைகள் பெரும்பாலான மக்களின் வாழ்க்கையோடு ஒட்டாதவை, விலையோ எட்டாதது என்றார். ஓர் அட்டைப்படத்தில் மாடல் அழகி அணிந்த டி-ஷர்ட் தனக்கே பிடிக்கவில்லை, ஆனால் அதை வடிவமைத்தவர் பெரிய விளம்பரதாரர் என்றும் சொன்னார். சமைத்தவரே சாப்பிடாத சோற்றை வாசகி எத்தனை நாள் சாப்பிடுவாள்?

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. பளபள அழகைப் பெண்கள் நிராகரித்தார்கள் என்றால், அதைவிடப் பளபளக்கும் இன்ஸ்டாகிராமில் ஏன் மணிக்கணக்கில் இருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. பெண்களின் ரசனை மாறிவிட்டது என்று நான் வாதாடவில்லை. அழகுக் கனவு அப்படியே இருக்கிறது. அதை விற்க இப்போது பத்திரிகை என்ற இடைத்தரகர் தேவையில்லை, அவ்வளவுதான். நிறுவனங்கள் நேரடியாகப் பிரபலங்களுக்குக் காசு கொடுக்கின்றன. விளம்பரத்தைக் கழித்தால் மிஞ்சும் சொந்தச் சரக்கு பத்திரிகையிடம் இருந்திருந்தால், விளம்பரம் இடம் மாறியபோது வாசகி இருந்திருப்பாள். இன்ஸ்டாகிராமுக்குப் போனது விடுதலையும் அல்ல. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டுகிறது என்று சொன்னதாக ஃபேஸ்புக்கின் உள் ஆய்வே கூறியது 2021-ல் வெளிவந்தது.

இன்னொரு மறுப்பு: இந்தப் பத்திரிகைகள் நல்லதும் செய்தன. செய்தன. கருத்தடை பற்றியும் வேலையிடத்துச் சம்பளப் பாகுபாடு பற்றியும் வீட்டில் யாரும் பேசாத காலத்தில் காஸ்மோபாலிட்டன் எழுதியது. டீன் வோக் 2016-ல் சிறுமிகளுக்கு அரசியலை மதிப்போடு எழுதியபோது இணையத்தில் அதைத் தேடிப் படித்தார்கள். ஆனாலும் அதன் அச்சுப் பதிப்பு அடுத்த ஆண்டே நின்றது; நல்ல எழுத்து இருந்தால் தாள் பிழைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் வாசகிகள் எதைத் தேடினார்கள் என்பதற்கு அது சாட்சி. குட் ஹவுஸ்கீப்பிங் நிலைத்ததற்கு அதன் வாசகிகள் வயதில் மூத்தவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நூறாண்டுக்கு மேலாக அது சலவை எந்திரத்தையும் சோப்பையும் சொந்தச் சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்கிறது. அந்த முடிவை நம்பிப் பொருள் வாங்கலாம் என்று ஒரு பெண் நினைக்கிறாள்.

லேடீஸ் ஹோம் ஜர்னல் 2014-ல் மாத இதழாக வருவதை நிறுத்தியது. சில ஆண்டுகளில் அடியோடு நின்றது. அதை எதிர்த்துப் பெண்கள் உட்கார்ந்த காலத்தில் பிறந்த மிஸ், 1990-ல் விளம்பரமே வேண்டாம் என்று முடிவெடுத்து வாசகிகளின் சந்தாவை நம்பியது. பலமுறை கை மாறியது, விற்பனை ஒருபோதும் வோக்கை நெருங்கியதில்லை. இன்றும் அது காலாண்டிதழாக வந்துகொண்டிருக்கிறது. தமிழில் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்துபவர்களும், அதற்குச் சந்தா கட்டுபவர்களும் இந்த இரண்டின் கதையையும் ஒருமுறை சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.