வெட்டி உறிஞ்சும் ஊசி

1970 ஏப்ரலில், அமெரிக்காவின் மயாமி நகரில், கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர் ஒரு சர்க்கரை நோயாளியின் கண்ணுக்குள் புதுக்கருவி ஒன்றைச் செலுத்தினார். விழிக்குள் கசிந்த ரத்தம் ஆண்டுக்கணக்கில் வடியாமல் அந்த நோயாளியின் பார்வையை மறைத்திருந்தது. இன்று விட்ரெக்டமி எனப்படும் அறுவை சிகிச்சையின் தொடக்கம் அது.

நாள்பட்ட சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். பட்டினி கிடக்கும் திசு வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். வருவதோ எளிதில் உடையும் சோனிக் குழாய்கள். அவை உடைந்தால் ரத்தக்கசிவு. கூடவே வளரும் நார்த்திசு சுருங்கினால் விழித்திரையே பெயர்ந்துவிடும். தொடக்கத்திலேயே லேசர் வைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ரத்தம் தேங்கிய பிறகு லேசர் ஒளி உள்ளே போகாது.

ரத்தத்தை உறிஞ்சி எடுத்தால் போதாதா? போதாது. விழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ், ஏறக்குறைய 4 மில்லி கூழ். 99 சதவீதம் தண்ணீர்தான் என்றாலும் அதிலுள்ள கொலாஜன் இழைகள் விழித்திரையைப் பற்றியிருக்கின்றன. வெறுமனே உறிஞ்சினால் திரையும் சேர்ந்து கிழியும். அதனால்தான் மாக்கெமரின் கருவி முதலில் வெட்டியது, பிறகு உறிஞ்சியது. முட்டையின் வெள்ளைக்கருவில் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார். இன்றைய கருவியில், பக்கவாட்டுத் துளைக்குள் சிக்கும் கூழை உள்ளிருக்கும் கத்தி நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை நறுக்குகிறது.

கருவிழி விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெண்விழியில் மூன்று துளைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவு. ஒன்றில் உப்புநீர், ஒன்றில் விளக்கு, ஒன்றில் கத்தி. ரத்தத்தை அகற்றுவது எளிய பகுதி. விழித்திரையில் ஒட்டிய நார்ச்சவ்வைக் கிழியாமல் உரிப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் தெரியும். பிறகு உள்ளிருந்தே லேசர். தேவையானால் திரையைத் தாங்கிப்பிடிக்க வாயுவோ சிலிகான் எண்ணெயோ. வாயு இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் அது விரிந்து கண்ணழுத்தத்தை எகிறவைக்கும். எண்ணெயைப் பெரும்பாலும் சில மாதங்களில் இன்னொரு அறுவை செய்து எடுப்பார்கள்.

இவ்வளவும் செய்தாலும், ரத்தமின்றிச் செத்த திசு உயிர்க்காது. பார்வை மங்காத காலத்திலேயே நோய் உள்ளே முற்றக்கூடும்; வலியும் இராது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொட்டு மருந்திட்டு, பாவையை விரித்து, விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவது அந்தப் பரிசோதனை ஆகாது.