‘ஸ்டெடியாத்தான் இருக்கேன்!’

ஆய்வக எலி ஒன்றுக்கு ஊசி வழியாக மதுவை ஏற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது தள்ளாடும், பிறகு சாய்ந்துவிடும். அதைத் தூக்கி, நடுவில் பள்ளமான தொட்டியில் மல்லாக்கப் போடுவார்கள். தெளிவாக இருக்கும் எலி ஒரு நொடிகூட மல்லாந்து கிடக்காது. சட்டென்று புரண்டு நான்கு காலில் நின்றுவிடும். போதையேறிய எலிக்கு அது முடியாது. தானாகப் புரண்டு எழுகிறவரை பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மது ஆராய்ச்சியில் இது பழைய சோதனை. நம்மூர் பாஷையில் சொன்னால், எலி எவ்வளவு நேரம் மட்டையாகிக் கிடக்கிறது என்று அளக்கிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்பியரின் குழு 1990களில் வெவ்வேறு வயது எலிகளை இப்படிப் போட்டுப் பார்த்தது. எடைக்குத் தகுந்த அளவு மதுதான் எல்லாவற்றுக்கும். வளர்ந்த எலிகள் நெடுநேரம் கிடந்தன. விடலை எலிகள் சீக்கிரமே எழுந்துவிட்டன. இளம் உடம்பு மதுவை வேகமாகக் கரைத்திருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் எழுந்து நின்ற அந்தக் கணத்தில் மூளையில் இருந்த மதுவை அளந்தபோது, விடலையின் மூளையில்தான் அதிகம் இருந்தது. வளர்ந்த எலியை இன்னமும் சாய்த்து வைத்திருக்கும் அளவு மது உள்ளே இருக்கும்போதே, இது எழுந்து நடமாடியது.

கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன் மச்சான்’ என்று சொல்கிற பத்தொன்பது வயதுப் பையனை எல்லோரும் பார்த்திருப்போம். அவன் பொய் சொல்வதாகவே நினைத்துவந்தேன். எலிகளைப் பற்றிப் படித்த பிறகு, பாதி உண்மையைத்தான் சொல்கிறான் என்று தோன்றுகிறது. கால் ஸ்டெடியாக இருக்கலாம். தலைக்குள் நடப்பது வேறு.

மது மூளையில் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தொடுகிறது. நரம்புகளை அடக்கிவைக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளுக்கு அது கூடுதல் பலம் கொடுக்கிறது. தூக்கமும் தள்ளாட்டமும் வருவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், ஒரு புதிய செய்தியை நினைவாகப் பதிய வைப்பதில் பங்கெடுக்கும் ‘என்.எம்.டி.ஏ.’ என்ற ஏற்பியின் வாயை அடைக்கிறது. அது நிறைய இருக்கும் இடம் ஹிப்போகேம்பஸ். காதுக்கு உள்பக்கமாக, கடற்குதிரைபோல் சுருண்டு கிடக்கும் பகுதி.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டர் இந்தக் கடற்குதிரையைத்தான் ஆராய்ந்தார். தண்ணீர் நிறைந்த தொட்டியில், மேலே தெரியாதபடி ஒரு சின்ன மேடையை மறைத்து வைத்து, அதை நீந்திக் கண்டுபிடிக்க எலிகளைப் பழக்குவார்கள். மது கொடுத்தபோது, வளர்ந்த எலியைவிட விடலை எலிதான் இடத்தைக் கற்றுக்கொள்ளத் திணறியது. ஆக, தூங்க வைக்கும் விஷயத்தில் விடலையிடம் மது குறைவாக வேலை செய்கிறது. நினைவைக் கெடுக்கும் விஷயத்தில் அதிகமாக வேலை செய்கிறது. மட்டையாகிப் படுத்துவிடுவது குடிப்பவனுக்கு உடம்பு போடும் பிரேக். இளவயதில் அந்த பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும்.

எலியை வைத்து மனிதனைப் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்காவில் மது வயது 21. அதற்குக் கீழே உள்ளவருக்கு ஆய்வுக்காகக்கூடப் பெரும்பாலும் மது கொடுக்க முடியாது. அதனால் டியூக் குழு 1998இல் 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களை ‘இளையவர்கள்’ என்றும், 25 முதல் 29 வரை உள்ளவர்களை ‘மூத்தவர்கள்’ என்றும் வைத்துச் சோதித்தது. அந்தச் சின்ன இடைவெளியிலேயே வித்தியாசம் தெரிந்தது. மது உள்ளே போனபின், படித்ததையும் பார்த்ததையும் நினைவுகூர்வதில் இளையவர்கள்தான் அதிகம் சறுக்கினார்கள். பதினெட்டு வயதில் என்ன ஆகும் என்று அதே வழியில் சோதித்துப் பார்க்க விடாதது, எந்தச் சட்டம் சரியா தவறா என்று விவாதிக்கிறோமோ அதே சட்டம்.

இதையெல்லாம் கேட்டதும், ‘அப்படியானால் 21தான் சரி, விஞ்ஞானமே சொல்லிவிட்டது’ என்று எழுந்துவிடத் தோன்றும். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. முன்யோசனைக்கும் நிதானத்துக்கும் பொறுப்பான நெற்றிப்புற மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. மூளையைக் கேட்டால் 21 என்ற எண்ணே அதன் வாயில் வராது. அந்த எண் பழைய இங்கிலாந்துச் சட்ட மரபிலிருந்து வந்தது. இரும்புக் கவசத்தின் பாரத்தைத் தாங்கிக் குதிரையேறும் வயது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஓட்டுரிமை வயதும் அதுவாகவே இருந்தது. 1933இல் அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்டபோது, பெரும்பாலான மாநிலங்கள் கைக்கு வந்த அந்த எண்ணையே மதுக்கடை வாசலிலும் எழுதி வைத்தன.

அது நகர்ந்தது வியட்நாம் போரால். போருக்கு அனுப்ப 18 போதும், ஓட்டுப் போட 21 ஆக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், 1971இல் அமெரிக்க அரசியல் சட்டத்தையே திருத்தி ஓட்டு வயதை 18 ஆக்கினார்கள். அதே சூட்டில், ஏறத்தாழ 30 மாநிலங்கள் மது வயதையும் 18, 19, 20 என்று இறக்கின. விஞ்ஞானிகள் கேட்டாலும் கிடைக்காத பெரும் பரிசோதனை. சில மாநிலங்கள் இறக்கின, பக்கத்து மாநிலங்கள் இறக்கவில்லை. பத்தாண்டுக்குள் சில மறுபடி ஏற்றின. மிச்சிகன் 1972இல் 18க்கு இறக்கியது. 1978இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே 21க்குத் திரும்பியது. இறக்கிய இடங்களில் இளைஞர்களின் சாலை விபத்துகள் கூடியதையும், ஏற்றிய இடங்களில் குறைந்ததையும் ஆய்வு மேல் ஆய்வாக எழுதினார்கள்.

எல்லையோரங்களில் நிலைமை இன்னும் மோசம். 1980இல் இல்லினாய் 21க்குத் திரும்பிவிட்டது. வடக்கே விஸ்கான்சினில் அப்போதும் 18. வெள்ளிக்கிழமை மாலை கார்கள் வடக்கே போகும், நள்ளிரவுக்கு மேல் தெற்கே திரும்பும். இப்படிப்பட்ட மாநில எல்லைகளுக்கு அந்த நாட்களில் ‘ரத்த எல்லைகள்’ என்றே பெயர் விழுந்தது.

1980இல் கலிபோர்னியாவில் குடித்துவிட்டு ஓட்டியவரின் காரில் 13 வயது மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர் என்ற தாய், குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிராக அன்னையர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். காரை ஓட்டியவர் இளைஞர் அல்ல, நடுவயதுக்காரர் என்பதை இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். எப்படியோ, அந்த அமைப்பின் குரல் வாஷிங்டனை எட்டியது. மாநில உரிமையில் கைவைக்க முதலில் தயங்கிய அதிபர் ரீகன், 1984 ஜூலையில் கையெழுத்திட்டார். 21 வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதம் வரை வெட்டு. தெற்கு டகோட்டா நீதிமன்றம் போய் 1987இல் தோற்றது. 1988இல் வயோமிங்கும் வழிக்கு வந்தது. வயதுச் சட்டத்தை ஏன் சாலை நிதியோடு முடிச்சுப் போட்டார்கள் என்று யோசித்தால், சட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது மூளை இல்லை, சாலைதான் என்பது விளங்கும். இந்த வயது வரம்பால் சாலையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பியதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்குக் காட்டுகிறது.

இந்தக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதே காலத்தில் சீட் பெல்ட் வந்தது, கார்கள் பாதுகாப்பானவையாக மாறின. 2009இல் ஜெஃப்ரி மைரன், எலினா டெட்டெல்பாம் என்ற ஆய்வாளர்கள் கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். விரும்பி 21க்குப் போன மாநிலங்களில் பலன் தெரிந்தது. நிதி வெட்டுக்குப் பயந்து போன மாநிலங்களில் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றார்கள். மனமில்லாமல் போட்ட சட்டத்துக்குக் காவல் இருக்காது என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

அதற்கு முந்தைய ஆண்டு, கல்லூரித் தலைவர்களே எதிர்ப்பக்கம் வந்து நின்றார்கள். மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டல் தொடங்கிய இயக்கத்தில் 130க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். இயக்கத்தின் பெயர் அமெதிஸ்ட், நம் செவ்வந்திக்கல். ‘போதையேறாதது’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். அதை அணிந்தால் மது தலைக்கேறாது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். 21 என்ற சட்டம் குடியை நிறுத்தவில்லை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாக ஊற்றிக்கொள்ளத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது, ஆகவே விவாதத்தை மறுபடி திறப்போம் என்பது அவர்கள் வாதம். கையெழுத்திட்டவர்களில் டியூக் பல்கலைக்கழகத் தலைவரும் ஒருவர். எலித் தொட்டி இருந்த அதே வளாகம்.

‘பிரான்ஸைப் பாருங்கள், வீட்டில் சாப்பாட்டோடு ஒயின் கொடுத்துப் பழக்குகிறார்கள், பிள்ளைகள் அளவோடு குடிக்கிறார்கள்’ என்ற வாதமும் கூடவே வரும். பள்ளிச் சாப்பாட்டில் 14 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு ஒயின் கூடாது என்று 1956இல்தான் உத்தரவு போட்ட நாடு அது. ஆனால் ஐரோப்பாவில் 15, 16 வயது மாணவர்களிடம் 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘எஸ்பாட்’ கணக்கெடுப்பை அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிட்டால், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளின் பிள்ளைகள்தான் அதிகம் குடிக்கிறார்கள். பிரான்சே 2009இல் எல்லா மதுவுக்கும் 18 என்று ஏற்றியது. இத்தாலி 2012இலும் நெதர்லாந்து 2014இலும் 16இலிருந்து 18க்குப் போயின. லிதுவேனியா 2018இல் 20க்கே போய்விட்டது. ‘ஐரோப்பாவைப் பார்’ என்பவர்கள் ஐரோப்பா எந்தத் திசையில் போகிறது என்பதையும் பார்க்கலாம்.

சரி, சட்டத்தின் வேலையையும் மூளையின் வேலையையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா? கலிபோர்னியாவின் பொருளாதார ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் கார்ப்பென்டரும் கார்லோஸ் டாப்கினும் ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். இருபது வயது பதினொரு மாதத்தில் இருப்பவனுக்கும், இருபத்தொன்று முடிந்து ஒரு மாதம் ஆனவனுக்கும் மூளையில் என்ன பெரிய வித்தியாசம்? எதுவும் இல்லை. மாறியது அடையாள அட்டையின் அதிகாரம் மட்டும். இறந்தவர்களின் வயதை மாதக்கணக்கில் வரிசைப்படுத்திக் கோடு இழுத்தார்கள். மேடுபள்ளமில்லாமல் ஓடிவந்த கோடு, 21ஆம் பிறந்தநாளில் படிக்கட்டுபோல் ஏறியது. குடிக்கும் நாட்கள் 21 சதவீதம் கூடின. இறப்பு 9 சதவீதம் கூடியது. சாலை விபத்து, தற்கொலை, மதுவே நேரடிக் காரணமான சாவு ஆகியவையே அதில் முக்கியம்.

இதைத் தலைகீழாகவும் வாசிக்கலாம். ‘பார்த்தீர்களா, 21 வரை பூட்டி வைத்ததால்தான் திறந்ததும் பாய்கிறார்கள்’ என்பார்கள். அதற்குப் பதில் கனடாவில் இருக்கிறது. அங்கே மாகாணத்தைப் பொறுத்து வரம்பு 18 அல்லது 19. அந்தப் படிக்கட்டு அங்கேயும் இருக்கிறது. வரம்பு எங்கேயோ அங்கே, 18இலோ 19இலோ. கதவை முன்னால் நகர்த்தினால் படிக்கட்டும் கூடவே நகர்கிறது.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது நியூசிலாந்து. 1999 டிசம்பர் 1 அன்று மது வாங்கும் வயதை அங்கே 20இலிருந்து 18க்கு இறக்கினார்கள். ஓட்டுநர் உரிமம் அப்போது 15 வயதிலேயே கிடைத்துவந்தது. 2006இல் ஆய்வாளர் கைப்ரோஸ் கைப்ரியின் குழு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளைக் கணக்கிட்டது. சட்டம் தொடாத 20–24 வயதினரை உரைகல்லாக வைத்துக்கொண்டது. அவர்களோடு ஒப்பிட்டபோது, மது சம்பந்தப்பட்ட விபத்து விகிதம் 18, 19 வயது ஆண்களிடம் 12 சதவீதமும் அதே வயதுப் பெண்களிடம் 51 சதவீதமும் கூடியிருந்தது. எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். 15 முதல் 17 வயது வரை உள்ளவர்களிடமும் ஆண்களில் 14 சதவீதம், பெண்களில் 24 சதவீதம் அதிகம். புதிய சட்டப்படியும் இவர்களுக்குக் கடையில் ஒரு புட்டி பீர்கூடக் கிடைக்காது. ஆனால் பதினெட்டு வயதுக்காரன் பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கிறான், பதினாறு வயதுக்காரன் அவன் சிநேகிதன், தம்பி, ஒரே டீமில் ஆடுகிறவன். சட்டம் 18க்குக் கொடுத்தது 15 வரை வழிந்தது. 2012இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது, 18தான் நிலைத்தது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எந்த ஊர் அரசியல்வாதிக்கும் கஷ்டம்தான்.

‘வயது வந்தவனுக்கு உரிமை’ என்ற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஓட்டுப் போடுகிற, கல்யாணம் செய்துகொள்கிற ஒருவரிடம் பீர் மட்டும் கூடாது என்பது கொஞ்சம் அசட்டுத்தனமாகவே ஒலிக்கிறது. வயதைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களிடம், உங்கள் ஊரில் முதலில் வருவது எது, புட்டியா வண்டியா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஜெர்மனியில் 16 வயதில் பீர் வாங்கலாம். தனியாகக் கார் ஓட்ட 18 ஆக வேண்டும். மாலையில் ஊர் திரும்ப ரயிலும் டிராமும் இருக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் 16இல் கார் வந்துவிடும். நம் நாட்டில் 16 வயதில் கியரில்லாத சின்ன வண்டிக்கே உரிமம் தருகிறார்கள். உரிமத்துக்காகக் காத்திருக்காத வீடுகளைச் சொல்லவே வேண்டாம்.

மது நம் நாட்டில் மாநிலங்களின் பொறுப்பு. ஓட்டு வயது 1989இல் 21இலிருந்து 18க்கு இறங்கியபோது மது வயது கூடவே இறங்கவில்லை. கோவாவில் 18, கேரளாவில் 23, டெல்லியில் 25. ஹரியானா 2021இல் 25இலிருந்து 21க்கு இறக்கியது. தமிழ்நாட்டில் 21. கடலூரிலிருந்து வடக்கே போனால் முள்ளோடையில் புதுச்சேரி எல்லை வரும். அதைத் தாண்டினால் 18. பைக்கில் இருபது நிமிடம். திரும்பி வருவதும் அதே சாலையில்தான்.