பதில் உறைக்கும் நிறை பார்க்க வேண்டும்

றொசல்ல, வட்டவளை, ஹற்றன் பக்கத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவது லேசான வேலை இல்லை. ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரைத் தேடிப் பிடித்துக் கையொப்பம் வாங்க வேண்டும். அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், அல்லது பேரே விழாது. இவ்வளவும் செய்து அனுப்பிய விண்ணப்பம் முத்திரை போதாமல் வழியில் நின்றால் அந்த நட்டத்தை ஈடு செய்ய யாரும் வரப்போவதில்லை. ஆகவே லயத்துக்கு ஒருவராவது முத்திரைக் கணக்கைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2022 ஆகஸ்ட் 15ஆம் திகதி சாதாரண உள்நாட்டுக் கடிதத்தின் ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். போகும் உறைக்கு 50, பதில் வருவதற்காக முத்திரை ஒட்டி உள்ளே வைக்கும் பதில் உறைக்கு 50 என்று வைத்தால், ஒரு விண்ணப்பத்தின் முத்திரைக்கே நாட்சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு போனது. இந்த விலையில், குத்துமதிப்பாக முத்திரை ஒட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

20 கிராம் எங்கே தாண்டுகிறது?

தபால் கட்டணம் நிறையை வைத்தே ஏறுகிறது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது. ஆறு பென்ஸ் விலையுள்ள அந்த முத்திரை, இங்கிலாந்துக்குப் போகும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கானது. கோப்பிக் காலத்துத் துரைமாரும் நிறை பார்த்துத்தான் ஊருக்குக் கடிதம் போட்டார்கள். இன்று முதற்படி 20 கிராம்.

ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். 80 கிராம் தாள் என்று கடையில் விற்பது ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை. அதில் பதினாறில் ஒரு பங்குதான் ஏ4. விண்ணப்பம் இரண்டு தாள் என்றால் 10 கிராம். 9க்கு 4 அங்குல நீள உறை ஏறத்தாழ 5 கிராம். உள்ளே மடித்து வைக்கும் அதே அளவு பதில் உறை இன்னொரு 5 கிராம். இதற்குள்ளேயே 20 கிராம் நிறைந்துவிட்டது. அடையாள அட்டை அளவுப் படம் அரைக் கிராம்கூட வராது. ஆனாலும் இரண்டு படத்தையும் கிளிப்பையும் சேர்த்தால் 20 தாண்டிவிடும். முதற்படிக்கு மட்டும் முத்திரை ஒட்டிய அந்த உறை அப்போது கட்டணம் குறைந்த தபால் ஆகிவிடுகிறது.

“ரெண்டு சின்னப் படந்தானே” என்று பலர் நினைக்கிறார்கள். நிறையைக் கூட்டுவது பெரும்பாலும் படம் இல்லை. நாம் கணக்கில் எடுக்க மறந்த பதில் உறை. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தபாலகத் தராசில் நிறுக்கக் கொடுங்கள். “ஐயா, உள்ளுக்கு இன்னொரு என்வலப்பும் இருக்கு, எல்லாத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அது உங்கள் உரிமை.

திரும்பி வருவது என்ன?

பதில் உறைக்குக் கணக்கு வேறு. அதில் நீங்கள் அனுப்பியது திரும்பி வரப்போவதில்லை. அலுவலகம் தருவதுதான் வரும். ஒரு தாள் சான்றிதழ் என்றால் உறையோடு 10 கிராம், முதற்படியே போதும். மூலப் பத்திரங்களோ பல தாள்களோ வரும் என்றால் அந்த நிறைக்கு ஒட்ட வேண்டும். கைக்குக் கை கையொப்பம் வைத்து வரவேண்டிய பத்திரம் என்றால் பதிவுத் தபால் கட்டணத்துக்கே முத்திரை ஒட்டி, உறையில் “பதிவுத் தபால்” என்று எழுதி அனுப்புங்கள்.

1840இல் பிரித்தானியாவில் முத்திரை வருவதற்கு முன், பெரும்பாலும் கடிதம் பெறுபவரே காசு கொடுத்தார். முத்திரை வந்தபின் அனுப்புபவர் கொடுக்கிறார். முத்திரை குறைந்தால் மட்டும் பழைய வழக்கம் திரும்புகிறது: குறைந்த தொகையைப் போல இரு மடங்கைப் பெறுபவரிடம் கேட்பது தபால் துறைகளின் நெடுநாள் நடைமுறை. நகரத்தில் வீட்டு வாசலில் அந்தக் காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வருகிறது. கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணுக்காக அங்கே யார் காசு கட்டுவார்கள்? முத்திரைக் குறைவு கொழும்பில் இருப்பவரைவிட மலையகத்தில் இருப்பவரைக் கூடுதலாகத் தண்டிக்கிறது.

படம் பழுதாகாமல்

ஸ்டேப்ளர் கம்பியால் படத்தைக் குத்தக் கூடாது. பின்பக்கம் பேனையால் அழுத்தி எழுதினால் முகத்தில் கோடு விழும். மென்மையான பென்சிலால் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிச் சிறு தாளில் மடித்து வையுங்கள். 4க்கு 6 அங்குலக் குடும்பப் படம் 4 அங்குல அகல உறைக்குள் அடங்காது. அதற்குப் பெரிய உறை வேண்டும். மடியாமலிருக்க மட்டையும் வேண்டும். படம் 4 கிராம் என்றால் மட்டை அதைவிடக் கூடலாம்.

1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இந்தியாவின் நீலகிரிக்கும் கூடலூருக்கும் போன உறவுகளோடு நம் மக்களைச் சேர்த்து வைத்தது கடிதமும் அதனுள் வந்த படமும்தான். இன்று படம் கைபேசியில் வந்துவிடுகிறது. ஆனால் பழைய பத்திரத்தின் மூலப் பிரதி தபாலில்தான் வர வேண்டும். அங்கிருந்து பதில் கேட்கும்போது நம் முத்திரை ஒட்டிய உறையை அனுப்பிப் பயனில்லை. இந்தியாவிலிருந்து புறப்படும் கடிதத்துக்கு இந்திய முத்திரைதான் செல்லும். இந்தச் சிக்கலுக்காகவே உலகத் தபால் ஒன்றியம் 1906 ரோம் மாநாட்டில் சர்வதேசப் பதில் கூப்பனுக்கு வழி செய்தது. நமக்குச் சுலபமான வழி, அங்குள்ள உறவினரையே முத்திரை வாங்கி ஒட்டச் சொல்வது.

விலாசம் இல்லாத முத்திரை

முத்திரை சரியாக இருந்தும் கடிதம் கைக்கு வராமல் போவதுண்டு. ஒரே பிரிவில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் எழுதினால் யாருக்கென்று தெரியாது. பதில் உறையில் தகப்பன் பெயர், பிரிவு, லய இலக்கம், தோட்டம், தபாலகம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் தெளிவாக எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்ததால் வேலை இழந்த பிள்ளைகளின் கதை மலையகத்துக்குப் புதிதில்லை.

மக்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மிகுதி அரசாங்கத்தின் கடமை. “முத்திரை ஒட்டிய உறை இணைக்கவும்” என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை ரூபாய் முத்திரை என்பதை ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் தமிழிலும் அச்சிட வேண்டும். நிறைவாரியான கட்டணப் பட்டியல் ஒவ்வோர் உபதபாலகச் சுவரிலும் தமிழில் தொங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு லய வீட்டுக்கும் தனி விலாசமும் அந்த வாசல்வரை வரும் தபால்காரரும் வேண்டும். முத்திரைக்கு முழுக் காசு கொடுக்கும் மக்களுக்கு முழுச் சேவையும் கிடைக்க வேண்டும்.